ஏழு நாளில் சிவப்புப் பாஸ்போட்

பூம்ப்ளிஸ்
பேர்ண், சுவிஸ்
14.01.2024

அன்பின் செசீ,

நத்தாருக்கு நீ அனுப்பிய பலகாரப் பெட்டி வந்து சேர்ந்தது. கொக்கிசில் பாதி தபாலில் நொறுங்கிவிட்டது. நொறுங்கியதையும் கரண்டியால் அள்ளித் தின்றேன்.

என் செய்தி நல்லதில்லை. ஹோட்டலில் கட்டில் விரித்து விரித்துப் போன இடுப்பு இனித் திரும்பாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை போய்விட்டது. இன்னும் சில மாதத்தில் வேறு வழி கிடைக்காவிட்டால் அரசாங்கம் தரும் சோசியல் காசில்தான் விழவேண்டும். அதில் விழுந்தால் குடியுரிமை என்ற பேச்சையே எடுக்க முடியாது, உனக்குத் தெரியும்.

படுத்தபடி யூரியூப் பார்க்கிறேன். அதில் ஒருவர் சொல்கிறார், உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எடுங்கள், ஒரு கிழமையில் சின்ன ஒன்லைன் கோர்ஸ் ஆக்குங்கள், அடுத்த கிழமை விற்கத் தொடங்குங்கள் என்று. எனக்குக் கட்டில் விரிக்கத்தானே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்துக் கட்டட இராஜேந்திரன் அண்ணை குடியுரிமை நேர்முகத்தில் தவறிவிட்டு வந்து, எங்கள் சோபாவில் இருந்து அழுதார். "சட்டம், கன்ரோன் பேர் எல்லாம் சொல்லிப்போட்டன் பிள்ளை. அயலட்டையோட எப்பிடிப் பழகுறீர் எண்டு கேட்டாங்கள். வாய் ஒட்டிப்போச்சு" என்றார்.

இதுதான் கோர்ஸ் என்று அப்போதே முடிவெடுத்தேன். அந்த மாதிரி நாற்பது கேள்வி சேர்த்து வைத்திருக்கிறேன். விடைதான் இல்லை. நீ ஆனியில் நேர்முகத்துக்குப் போகப்போகிறவள். அகதி முகாமில் ஒரே இரட்டைக் கட்டிலின் மேலும் கீழும் படுத்த காலத்திலிருந்து உன் எழுத்து எனக்குத் தெரியும். ஆளுக்கொரு கன்ரோனுக்கு எங்களைப் பிரித்து அனுப்பியபின் உன் கடிதங்களைப் படித்துத்தான் எனக்கு இந்த நாடே விளங்கியது. நீ உன் விடைகளை எழுதி அனுப்பு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது எப்படி?

உன்
மெலா


வில் நகருக்குப் பக்கத்திலிருந்து
04.02.2024

அன்பின் மெலா,

நீ ஆசிரியராகிவிட்டாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். முகாமில் ஜெர்மன் வகுப்புக்குப் போகாமல் போர்வைக்குள் ஒளிந்த பெண்ணல்லவா நீ. சிரித்தபின் உன் இடுப்பை நினைத்து மனம் கனத்துப் போனது. சுடுதண்ணீர்ப் பை வைக்கிறாயா?

அப்பாவுக்குக் கிழமைக்கு மூன்று தடவை இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். அவரை விமானத்தில் ஏற்றவே முடியாது. இந்தியாவில் சந்திக்கலாம் என்ற யோசனையும் அத்தோடு போய்விட்டது. நான் அகதி அனுமதியோடு மன்னாரில் கால் வைத்தால் இங்கே இருக்கும் அனுமதி போய்விடும். ஆனியில் நேர்முகம் சரிவந்தால் அடுத்த ஆடிக்குள் சிவப்புப் பாஸ்போட் கைக்கு வரும் என்கிறார்கள். "அதுவரைக்கும் இருப்பன், நீ ஆறுதலா வா" என்று அப்பா சொல்கிறார், ஏதோ பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல. பதினான்கு வருடமாக நான் அவரைத் தொடவில்லை.

நாற்பதுக்கும் விடை இத்துடன் இருக்கிறது. யோசித்து யோசித்து எழுதினேன், எனக்கும் அது ஆயத்தம்தானே. அயலவர் கேள்விக்குக் கீழ்வீட்டு வயதான அம்மா ஃபிராவ் லூஷரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவருக்குக் கை நடுங்கும். மாதாமாதம் ஊர்ச்சபை லொறி பழைய காகிதம் எடுக்க வரும்போது அவருடைய கட்டையும் நான்தான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வாசலில் வைப்பேன். அவர் எனக்குச் சீமைமாதுளை ஜாம் தருவார். அவருடைய பூனை மோரிட்ஸ் செத்தபோது தோட்டத்தில் குழி தோண்டியதும் நான்தான். அன்றைக்குத்தான் அவர் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு இருத்தினார்.

ஏன் சுவிஸ் குடிமகளாக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, ரயிலில் ரிக்கெற் பார்த்த மனிதர் எனக்கு நன்றி சொன்னதை எழுதியிருக்கிறேன். ஊரில் அடையாள அட்டையைக் காட்டிய எந்த இடத்திலும் எனக்கு எவரும் நன்றி சொன்னதில்லை. அன்று இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் அழுதுகொண்டு அடுத்த ஸ்ரேஷன் வரை போனேன்.

இவற்றை ஒரு மாதிரிக்குக் காட்டு. அதைப் பார்த்து அவரவர் தங்கள் கதையைச் சொல்லப் பழகட்டும். என் பெயரைப் போடாதே, வெட்கமாக இருக்கிறது.

அன்புடன்
செசீ


பூம்ப்ளிஸ்
17.03.2024

என் தங்கமே செசீ,

கோர்ஸ் முடிந்தது. சொன்னபடி ஏழு நாள். பெயரும் அதுதான், "ஏழு நாளில் சிவப்புப் பாஸ்போட்". தலைக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு போனில் பேசிப் பதிந்தேன், அப்போதுதான் எதிரொலி வராதாம். உன் விடைகளைக் கணினி ஜெர்மனுக்கு மாற்றியது. அதை ஒரு கணினிக் குரல் வாசிக்கிறது, நல்ல பெண் குரல். எட்டாம் நாளே முதல் ஆள் வாங்கிவிட்டார். இப்போது போன் ஓயாமல் அடிக்கிறது. பேர்ண் மட்டுமில்லை, சூரிச், உங்கள் பக்கம் என்று எல்லா இடத்திலும் வாங்குகிறார்கள். வேலை அலுவலகத்துக்குப் போய், எனக்கு இனி உங்கள் உதவி வேண்டாம் என்று தலை நிமிர்ந்து சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் நீ சொன்னபடி, உங்கள் சொந்தக் கதையை எழுதுங்கள் என்றுதான் வைத்தேன். ஒருவரும் எழுதவில்லை. "தங்கச்சி, விளக்கம் வேண்டாம், விடையைத் தாரும்" என்கிறார்கள். ரியூஷன் கொப்பியைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதி வளர்ந்த சனம்தானே நாங்கள். அதனால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். கேட்டு, சொல்லுக்குச் சொல் பாடமாக்குங்கள், அவ்வளவுதான். இராஜேந்திரன் அண்ணை உன் காகிதக் கட்டை இப்போது தூக்கத்திலும் சொல்வாராம்.

உன் பெயர் எங்கும் இல்லை. பயப்படாதே.

முத்தங்களுடன்
மெலா


02.07.2024

மெலா,

முடிவு வந்துவிட்டது. இல்லை என்று.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போன மாதம், ஆனி பதினெட்டு. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. சட்டம், தேர்தல், ஏழு மந்திரிமார் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு அயலவரைப் பற்றிக் கேட்டார்கள். எனக்குச் சந்தோசம், இது என் கேள்வியல்லவா. கீழ்வீட்டில் ஒரு வயதான அம்மா, அவருக்குக் கை நடுங்கும், காகிதம் கட்டிக் கொடுப்பேன் என்று தொடங்கினேன். ஓரத்தில் இருந்தவர் பேனையை மேசையில் வைத்தார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் ஜாமுக்கு வந்தபோது சிவப்புக் கண்ணாடி அம்மா கேட்டார், "பூனையும் இறந்துவிட்டதா?"

நான் அதுவரை பூனையைப் பற்றி வாயே திறக்கவில்லை, மெலா.

சித்திரையிலிருந்து என்னோடு சேர்த்து ஐந்து தமிழர் அந்த அறைக்குள் போயிருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் கை நடுங்கும் கிழவி. ஐந்து பேரும் பூனைக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள். ரயிலில் ரிக்கெற் பார்த்தவர் ஐந்து பேருக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். இது என்னுடையது, நான்தான் அந்த ஆள் என்று சொன்னேன். முன்னால் வந்தவரும் அப்படித்தான் சொன்னார் என்றார்கள். "சரி, வேறு விதமாகச் சொல்லுங்கள்" என்று ஒருவர் தயவாகத்தான் கேட்டார். என்னால் முடியவில்லை. வேறு விதமாகச் சொல்ல என்னிடம் வேறு வாழ்க்கை இல்லை. வாய் ஒட்டிப்போச்சு.

பாடமாக்கிய விடைகள், ஊரோடு ஒன்றியதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் போடலாமாம். ஃபிராவ் லூஷர் தடியை ஊன்றிக்கொண்டு அலுவலகத்துக்கே போய், நான்தான் அந்தக் கிழவி என்று சொல்லியிருக்கிறார். மரியாதையாகக் கேட்டுவிட்டு, மேன்முறையீட்டுப் பத்திரத்தைக் கையில் கொடுத்தார்களாம். அதைப் போட்டிருக்கிறேன். ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும் என்கிறார்கள்.

பங்குனியில் உன் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு மடித்து வைத்தேன். அது என் பிழை.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

செசீ


பூம்ப்ளிஸ்
09.07.2024

அன்பின் செசீ,

படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. இத்தனை பேர் வாங்கியது உனக்குத் தெரியும்தானே. பூனையை நாயாக்கி, ஜாமை விட்டுவிட்டு, கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாமே. நீ கெட்டிக்காரி, அந்த இடத்தில் ஏன் யோசிக்கவில்லை?

கோர்சில் அந்த இரண்டு விடையையும் இன்றே மாற்றுகிறேன். முழுவதையும் எடுத்துவிட்டால் நான் எங்கே போவேன், நீயே சொல்லு. கட்டாயம் பதில் போடு.

உன்
மெலா


பூம்ப்ளிஸ்
02.11.2025

அன்பின் செசீ,

முடிவு வந்ததென்று நீ எழுதியபின் இது உனக்கு எழுதும் ஆறாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. போனையும் எடுக்கிறாய் இல்லை.

அப்பா போய்விட்டார் என்று முகாமில் எங்களோடு இருந்த மதுஜாதான் சொன்னாள். உன் மேன்முறையீடு இன்னும் அப்படியே கிடக்கிறதாம், நீ அடக்கத்தை வீடியோவில் பார்த்தாயாம். நான் தரையில் இருந்து அழுதேன். அன்று நாயாக்கியிருக்கலாமே என்று எழுதிய கையை வெட்டிப் போடவேண்டும். அவர் சொன்னபடி கடந்த ஆடிவரை இருந்தார், அதற்கு மேலும் மூன்று மாதம் இருந்தார். நீ போயிருப்பாய். நான்தான் போகவிடாமல் செய்தேன்.

கோர்சை எடுத்துவிட்டேன், செசீ. ஆனால் பலர் அதை வாட்சப்பில் பகிர்ந்துவிட்டார்கள். அந்தக் குரல் இன்னும் எங்கோ உன் பூனையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

திட்டியாவது எழுது. முன்பெல்லாம் எல்லாவற்றையும் எனக்குத்தானே எழுதுவாய். அப்பா கடைசியாக உன்னோடு என்ன கதைத்தார்? அதையாவது எனக்குச் சொல்லு.

என்றும் உன்
மெலா


16.11.2025

மதிப்புக்குரிய திருமதி மெலானி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

இங்கு குளிர் தொடங்கிவிட்டது. வேலை வழமைபோல் நடக்கிறது. கீழ்வீட்டு அம்மாவும் நலம்.

என் தந்தையார் கடைசியாக என்னுடன் என்ன கதைத்தார் என்று கேட்டிருந்தீர்கள். கதைத்தார். நல்ல தெளிவாகத்தான் கதைத்தார்.

அது என்னிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
செசீலியா