நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு புள்ளி

வியாழக்கிழமை

இன்றைக்குத்தான் அது அகப்பட்டது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தில் கல் திரும்பத் திரும்ப வந்து, எலும்பெல்லாம் வலித்து, தறியில் உட்காரவே முடியாமல் போனதற்குக் காரணம் வழக்கமாகக் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு என்கிற சின்னச் சுரப்பியாம். கழுத்தில் எடுத்த அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியவில்லை. "கழுத்தத் தொறந்து தேடிப் பாத்துடலாம்" என்றார் இங்கே காஞ்சிபுரத்து சர்ஜன். எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன்.

அதனால்தான் இன்று சென்னையில் ஸ்கேன். கையில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். ரெண்டு மணி நேரம் உட்காரவைத்து மறுபடி எடுத்தார்கள். அதற்குள் கழுத்தில் மருந்து மங்கிவிட்டது. நெஞ்செலும்புக்குப் பின்னால் மட்டும் ஒரு புள்ளி அப்படியே நின்றது. கெட்டுப்போன சுரப்பியில்தான் மருந்து அப்படித் தங்குமாம். "கழுத்தத் தொறந்திருந்தா இது கெடச்சிருக்காதும்மா" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "நெஞ்சுல கத்தியா? வேணாம் கோமதி, மாத்திரையிலயே ஓட்டிக்கலாம்."

"இத்தினி நாள் ஓட்டினது போதுங்க. எங்க இருக்குதுன்னு தெரிஞ்சிடுச்சி இல்ல?" என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டேன்.

பஸ் பிடித்து ராத்திரி காஞ்சிபுரம் வந்து சேர்ந்தோம். சாப்பிட்ட பிறகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எந்த எடம்னு காட்டு" என்றார். அவர் கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தேன். வெகுநேரம் எடுக்கவில்லை. "உள்ள கூட்டிக்கினு போற வரைக்கும் கூடவே இருப்பேன்" என்றார்.

எனக்கும் பயம்தான். ஆனாலும் போகிறேன்.