டொக்டரிடம் மறைத்தது

இன்று காலை நம் மகள் விற்றமின் குளிசைப் போத்தலைத் திறந்தாள். அந்தப் புளித்த மணம் குசினி வரைக்கும் வந்தது. அவளுக்கு இப்போது வயிற்றில் ஏழு மாதம், தவறாமல் விழுங்குகிறாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசலில் போய் இருந்தேன். ஆசுப்பத்திரியில் உங்கள் கட்டிலைச் சுற்றியும் இதே மணம்தான்.

நீங்கள் குடிப்பது எனக்கு அப்போதே தெரியும். வயல் பார்க்கப் போவதாகச் சொல்லிப் போய், வாய் மணம் தெரியாமலிருக்கக் கராம்பைச் சப்பிக்கொண்டு வருவீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அந்தச் சோற்றை ஆக்கிப் போட்டவள் நான். கடைசியில் உங்களுக்குச் சாப்பாடே விட்டுப்போனது. பத்து நாளாகச் சத்தி, தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

கலியாணத்துக்கு நாள் வைக்க மாப்பிள்ளையின் வாப்பா வந்திருந்த அன்றுதான் முற்றத்தில் விழுந்தீர்கள். அவரே தன் வேனில் ஏற்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த இளம் பெண் டொக்டர் உங்கள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவர் குடிக்கிறவரா?"

சம்பந்தியாகப் போகிறவர் என் பக்கத்தில் நின்றார்.

"என்ன டொக்டர் கேக்கிறீங்க? நாங்க முஸ்லிம் ஆக்கள்" என்றேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. இரத்தத்தில் சீனி குறைவு என்று குளுக்கோஸ் சேலைன் ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் உங்கள் கண்மணிகள் நிலைகொள்ளாமல் ஓடின. தூக்கி நிறுத்தினால் கால் நிற்கவில்லை. அப்போதுதான் டொக்டரை வெளியே கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"குடிக்கிற ஆக்களுக்கு உடம்புல விற்றமின் பீ வன் இருக்காது உம்மா. அந்த ஊசியப் போட்டுட்டுத்தான் குளுக்கோஸ் ஏத்துற, இல்லாட்டி மூளையத் தாக்கும். முதலே சொல்லியிருக்கலாமே."

உடனே ஊசி போட்டார்கள். உயிர் தங்கியது. ஞாபகம் தங்கவில்லை.

நிக்காஹ் அன்று மகளைப் பொறுப்புக்கொடுக்க உங்கள் தம்பிதான் கைநீட்டினார். பக்கத்தில் இருந்த நீங்கள், "ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டீர்கள். நான் உள்ளே போய் அழுததைக் கண்ட சம்பந்தி, கதவுக்கு வெளியே நின்று சொன்னார்: "அவர் குடிக்கிறது எங்களுக்கும் தெரியும்தானே தங்கச்சி. தெரிஞ்சுதானே வந்த நாங்க."

ஆசுப்பத்திரியில் அன்று அவரும் என் மானத்துக்காக வாய் திறக்காமல் நின்றிருக்கிறார். ஊருக்கே தெரிந்ததை நான் மறைத்தது அந்த டொக்டரிடம் மட்டும்தான்.

அதன்பிறகு எட்டு மாதம்தான் உயிரோடு இருந்தீர்கள். ஒவ்வொரு நாளும் சுபஹு தொழுதுவிட்டு வந்து நடந்ததை உங்களிடம் சொல்லி, என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று மன்னிப்புக் கேட்டேன். "பொருந்திட்டன், போ. தேத்தண்ணி கொண்டு வா" என்பீர்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் உங்களுக்கு அது மறந்துவிடும். மறுநாள் திரும்பவும் கேட்பேன். ஒரு நாள்கூட நீங்கள் மறுக்கவில்லை.

மறந்துபோனவர் கொடுத்த மன்னிப்பு செல்லுமா என்று மௌலவியிடம் கேட்கலாம். இன்னும் கேட்கவில்லை. செல்லாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.