இடப்பக்கத்து ஊறுகாய்

பிரிக்பீல்ட்ஸ்,
8-2-1932

சங்கத்துக் காரியதரிசி அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை ஆட்டம் தோற்றதற்கு நான்தான் காரணம் என்று பேச்சு கிளம்பியிருப்பதாக அறிகிறேன். கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கும் புதிய பேக் ஆட்டக்காரர் நாகையா மீது என் கண் பட்டுவிட்டதாம். பந்து உருளத் தொடங்கும்போதே நான் மைதானத்தில் உட்கார்ந்திருந்தேனாம். இரண்டும் பொய். ஆட்டம் தொடங்கிய பிறகு வரும்படி தாங்கள் போன வருஷம் என்னைக் கேட்டுக்கொண்டபடி, முதல் கோல் விழுந்த கூச்சல் கேட்ட பிறகே வீட்டை விட்டு இறங்கினேன். விதவை முகத்தில் விழித்தால் தோல்வி என்றால், என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று சொல்பவர்களைக் கேளுங்கள்.

நான் அவரை ஏசியதாகவும் சொல்கிறார்கள். ஏசியவர்கள் வேறு. வேலி ஓரம் சர்பத் விற்கும் நூர் முகம்மது, "ஈப்போவிலேருந்து பேக்கக் கொண்டாந்தாங்களா, கதவக் கொண்டாந்தாங்களா? தொறந்தேல்ல கெடக்கு!" என்றார். ரயில் யார்டில் கணக்கு எழுதும் தலைமைக் கிராணி தங்கமணி, "எம்மச்சானுக்கு வேல போச்சு, இவனுக்கு வேல கெடச்சுச்சு. பந்தத் தடுக்கத் தெரியாட்டியும் அடுத்தவன் சோத்தத் தடுக்கத் தெரியுது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சொன்னது ஒன்றே ஒன்று: "அவரை இடப்பக்கத்திலிருந்து மாற்றுங்கள்." அதைத்தான் ஏச்சு என்கிறார்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். இது தங்களோடு நிற்க வேண்டும்.

மூன்று ஆட்டங்களில் நாம் வாங்கிய கோல்கள் ஏழு. ஆறு அவருடைய இடது கைப்பக்கமாகப் போனவை, ஒன்று பெனால்டி. வலப்பக்கம் வந்த ஒரு பந்தையும் அவர் விடவில்லை. தாங்கள் ஈப்போவில் பார்த்து மயங்கிய ஆட்டம் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

அவருடைய மனைவி வீரம்மா பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், அவருக்கு என் வீட்டில்தான் சாப்பாடு. இலை போட்டேன். உப்பும் ஊறுகாயும் வைக்கவேண்டிய இடத்தில், இடப்பக்க மூலையில், வைத்தேன். முதல் நாள் தொடவில்லை. இரண்டாம் நாளும் தொடவில்லை. மூன்றாம் நாள், "ஊறுகா இருந்தாக் கொஞ்சம் போடுங்கம்மா" என்றார். அது இலையிலேயே இருந்தது. நான் இலையின் மூலையைக் காட்டினேன். அவர் கழுத்தை முழுவதும் திருப்பினார், பார்த்தார், சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

டிசம்பரில் ஈப்போவில் கடைசி ஆட்டத்தில் பந்து நெற்றிப்பொட்டில் பட்டதாம். அதன் பிறகு இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரிவதில்லை. இங்கே வேலையில் சேரும்போது நடந்த சோதனையில், முன்னால் நின்றவர் வாசித்த எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறார். "ஒங்க ஒருத்தருக்குத்தாம்மா தெரியும். வெளிய போச்சுன்னா பச்சப்புள்ளயோட தெருவுலதான் நிப்போம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மைதானத்தில் இடப்பக்கம் வருவது பந்து. யார்டில் வருவது ரயில் பெட்டி. தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலையில் அவரை வைத்திருக்கக் கூடாது. வேலை வாங்கித் தந்த ரயில்வே துரையிடம் தாங்கள் தனியாகப் பேசி, காரணம் சொல்லாமல், அவரை ஸ்டோருக்கு மாற்றித் தர வேண்டும். அது நடக்கும்வரை கால் சுளுக்கு என்று சொல்லி ஆட்டத்திலிருந்து நிறுத்தி வையுங்கள். பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது என்பது தங்களுக்குத் தெரியும். இதற்குச் சொல்லலாம்.

இப்படிக்கு,
இராஜம்மா

•

கிள்ளான்,
18-2-1932

அன்புள்ள அண்ணிக்கு,

சபாபதி வணங்கி எழுதுவது. இங்கே லெட்சுமியும் பிள்ளைகளும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கச் சொன்னாள். இதற்கு மேல் நல்ல செய்தி என்னிடம் இல்லை.

உங்கள் கடிதம் எனக்கு வரவில்லை. சங்கத்துக்கு வந்தது. உறையில் என் பெயரும் இல்லை, கிள்ளான் விலாசமும் இல்லை. "காரியதரிசி அவர்கள்" என்று இருந்தது. நேற்றுக் கமிட்டி கூடியபோது மற்றத் தபால்களோடு மேசையில் கிடந்தது. அண்ணன் உயிரோடு இருந்தபோது சங்கத்தில் போட்ட ஏழாவது விதி உங்களுக்குத் தெரியாதது அல்ல. காரியதரிசிக்கு வரும் கடிதங்களைக் கமிட்டி முன்னால்தான் உறை பிரிக்க வேண்டும், முழுவதும் வாசிக்க வேண்டும். முன்பிருந்தவர் கடிதங்களை மறைத்தார் என்பதற்காக அண்ணன் கொண்டுவந்த விதி. விதிப் புத்தகத்தில் அதை அழகாக எழுதிக் கொடுத்தது நீங்கள்.

பினாங்கு கான்வென்டில் பழகிய உங்கள் கையெழுத்தை அறியாதவர் அங்கே யார்? உறையைப் பார்த்ததும் தங்கமணி, "வந்துருச்சுலா அண்ணியோட ஓலை! யாருக்கு இன்னிக்கு அடி? வாசிங்க, வாசிங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அண்ணி. சிரித்துக்கொண்டேதான் பிரித்தேன்.

தங்கமணி பேசியதை நீங்கள் எழுதியிருந்த இடம் வந்ததும் அவர் முகம் கறுத்தது. "இது தங்களோடு நிற்க வேண்டும்" என்ற இடத்தில் நான் நிறுத்தினேன். "ஏன் நிறுத்தறீங்க? விதி விதிதானே? இல்ல, ஒங்க வீட்டு லெட்டருக்கு மட்டும் தனி விதியா?" என்று கேட்டார். உங்கள் கண் பட்ட கதையை விரிவாக எழுதியிருப்பீர்கள், அவ்வளவுதான் என்று நினைத்துத் தொடர்ந்தேன். ஊறுகாய் வரைக்கும் சிரிப்பு இருந்தது. அதன் பிறகு இல்லை. அப்போது நிறுத்தியிருந்தாலும் மறைக்க ஒன்றும் மீதி இல்லை.

செய்தி யார்டுக்குப் போய், இன்று காலை நாகையாவைக் கண் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

தம்பி,
சபாபதி

•

பிரிக்பீல்ட்ஸ்,
3-3-1932

திரு. சபாபதி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வேலை போய்விட்டது என்பதைத் தாங்கள் எழுதுவதற்கு முன்பே சந்து முழுவதும் சொல்லிவிட்டது. மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமாம்.

வீரம்மாவுக்குப் பூண்டுக் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தேன். பாத்திரத்தைத் திருப்பி அனுப்பினாள். கழுவித் துடைத்து, வெறும் பாத்திரமாக. ஒரு பிடி அரிசி, ஒரு வெற்றிலை, சர்க்கரை என்று எதையாவது போடாமல் இதுவரை அவள் அனுப்பியதில்லை. நாகையா தினமும் என் வீட்டைத் தாண்டித்தான் போகிறார். நான் நிற்பது அவருடைய வலப்பக்கம். தெரியாமல் போகிறார் என்று சொல்வதற்கில்லை.

அவரை ஈப்போவிலிருந்து அழைத்து வந்தவர் தாங்கள். துரையிடம் போய் ஸ்டோர் வேலையைக் கேளுங்கள். தங்களுக்கு வெட்கமாக இருந்தால் நானே வருகிறேன். துரையோடு அவர் பாஷையிலேயே பேச எனக்குத் தெரியும்.

இராஜம்மா

•

கிள்ளான்,
20-4-1932

அன்புள்ள அண்ணிக்கு,

சபாபதி எழுதுவது. இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். எழுத ஏதாவது கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

துரையைப் பார்த்தேன், இரண்டு முறை. ஆள்குறைப்பில் இரண்டு கண்ணும் உள்ளவர்களே வேலையில்லாமல் நிற்கிறார்கள், சோதனையில் ஏமாற்றியவனுக்கு ஸ்டோர் எதற்கு என்றார். உங்களை அழைத்துப் போகவில்லை. அவர் உங்களுக்கும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். அதை நீங்கள் நின்று கேட்பதை நான் பார்க்க விரும்பவில்லை.

நாகையா காஜாங் பக்கம் தோட்டங்களில் கேட்டுப் பார்த்தார். அங்கேயும் ஆட்களைக் கழிக்கிறார்கள். கடைசியில், வேலை இழந்தவர்களைச் சர்க்கார் இந்தியாவுக்கு அனுப்பும் இலவசக் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர், இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. வீரம்மாவின் மாமன் ஊருக்குப் போகிறார்கள். போன வியாழக்கிழமை போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் ஏற்றிவிட்டு வந்தேன்.

கப்பல் துறையில் பிள்ளையை வீரம்மா வைத்திருந்தாள். அவர் அவளை வலப்பக்கமாக மாறி நிற்கச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். "ஒங்க மேல தப்பில்லண்ணே. வாசிக்கச் சொன்னாங்க, வாசிச்சீங்க" என்றார். உங்களைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவரே சொன்னார்: "அந்தம்மாவோட எழுத்து முத்து முத்தா இருந்துச்சாம். கமிட்டில எல்லாரும் மெச்சுனாங்களாமே." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அண்ணி, ஒன்று கேட்கிறேன். பத்து வயதில் அண்ணன் வீட்டுக்கு வந்தவன் நான். நீங்கள் சோறு போட்டீர்கள், எழுத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு வாருங்கள் என்று உங்களிடம் சொன்னது தவறு. ஆட்டக்காரர்கள் நெருக்கினார்கள், நான் வளைந்தேன். அதற்காக ஒரு வருஷமாக எனக்குப் பெயர் இல்லாமல் செய்தீர்கள். அந்த உறையில் என் பெயரை எழுதியிருந்தால் அது என் வீட்டுக்கு வந்திருக்கும். அது உங்களுக்குத் தெரியாதா?

சபாபதி

•

பிரிக்பீல்ட்ஸ்,
2-5-1932

தம்பி சபாபதிக்கு,

அண்ணி எழுதுவது. நீ கேட்டதற்குப் பதில்: தெரியும்.

இன்னும் சரியாகச் சொல்கிறேன். அன்று முதலில் ஒரு உறையில் உன் பெயரையும் கிள்ளான் விலாசத்தையும் எழுதினேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெயரை எழுதினால் உன்னை மன்னித்ததாக ஆகிவிடும் என்று தோன்றியது. அதைக் கிழித்துவிட்டு இன்னொன்றில் காரியதரிசி என்று எழுதினேன். ஏழாவது விதி நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல ஆசைதான். வந்தது. நீ எப்படியாவது பார்த்துக்கொள்வாய், உனக்கு அந்தச் சங்கடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். என் கோபத்துக்கு அது போதும் என்று நினைத்தேன். நாகையாவின் பிழைப்பும் அதே உறைக்குள் இருந்தது.

கண் பட்டது என்று சொன்னவர்களுக்கு அவ்வளவு அழுத்தமாக மறுப்பு எழுதினேன். இப்போது யாராவது சொன்னால் என்ன எழுதுவேன் என்று தெரியவில்லை. யாரும் சொல்வதில்லை. புதிதாக வந்திருக்கும் பேக் நன்றாக ஆடுகிறாராம். நூர் முகம்மது, "இப்பத்தாம்மா கதவு சாத்துது" என்றார். நாகையா பெயரை மறந்துவிட்டார், "அந்த ஈப்போப் பையன்" என்றார். நான் மைதானத்துக்குப் போவதில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே வரலாம் என்று நீ சொல்லி அனுப்பியிருந்தாய். இனி எதற்கு?

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் போனால் நீ பழையபடி ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரலாம் என்று நினைத்திருந்தேன். உன்னைக் கூப்பிட மனம் வரவில்லை. உனக்கு இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் வைக்கவேண்டிய இடத்தில் வைக்க, என்னால் இன்னும் முடியாது. ஏன் கூப்பிடவில்லை என்று லெட்சுமி கேட்டால் முழங்கால் வலி என்று சொல்.

ஒன்று மட்டும் வேண்டும். கப்பலில் ஏறும்போது வீரம்மாவின் மாமன் ஊரைப் பதிந்திருப்பார்கள். ஊர், தாலுகா, தபாலாபீஸ் மூன்றும் வேண்டும். அவருக்கு எழுதப் போகிறேன். என்ன எழுதுவதென்று தெரியாது. எழுதினாலும் யார் படித்துச் சொல்வார்களோ, அவர் கேட்பாரோ, அதுவும் தெரியாது. உறையில் அவர் பெயரை எழுதுவேன், அது மட்டும் தெரியும்.

விலாசம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எனக்குப் பதில் வேண்டும். யாரிடமும் சொல்லி அனுப்பாதே. உன் கையால் எழுதி அனுப்பு.

அண்ணி,
இராஜம்மா