ஏப்ரன் பைக்குள் விழுந்த பேச்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். நீ சுகமா, அதைவிட முக்கியம், உன் தொண்டை சுகமா? போன தடவை பேசும்போது இரண்டு முறை இருமினாய், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

உன் கடிதத்தை அப்பா சத்தமாகப் படித்துக் காட்டினார், சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. உங்கள் காலேஜ் பாட்டு நாடகத்தில் லாண்டரிக்காரி வேஷம் உனக்கா அந்த நெட்டைப் பெண்ணுக்கா என்று வெள்ளிக்கிழமை முடிவாகுமாம், பாட்டில் உனக்குக் குறையில்லையாம், பேச்சில்தான் லாண்டரி இல்லையாம். இது நல்ல கூத்துடி. மூன்று வருஷமாக உன் வாயிலிருந்து நம் வீட்டுப் பேச்சை ஊறவைத்துத் தேய்த்து அலசிப் பிழிந்தது அந்தக் காலேஜ்காரர்கள்தான், இப்போது அந்தக் கறை எங்கே என்று கேட்டால் நீ என்ன செய்வாய்? என் பேச்சைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னாய், நானும் தலை வாரி, பவுடர் போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசி அனுப்பினேன். அதைக் கேட்டுவிட்டு உங்கள் பேச்சு டீச்சர், 'செய்தி வாசிக்கிறவங்க வேணாம்மா, உங்கம்மாவ பேசி அனுப்பச் சொல்லு' என்றாராமே. அன்றிலிருந்து அப்பா என்னைச் செய்தி என்றுதான் கூப்பிடுகிறார். 'செய்தி, டீ ஆச்சா' என்கிறார். நான் என்ன செய்ய, படித்தவர்கள் கேட்கப்போகிறார்கள் என்றதும் நாக்கு தானாகவே புதுச்சட்டை மாட்டிக்கொண்டது.

இந்த முறை அப்பாவின் யோசனை. போனில் பதிவை ஓடவிட்டு என் ஏப்ரன் பையில் போட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார். ஓட்டலில் அன்று எல்லா அறையும் காலி செய்த நாள், எங்கள் லாண்டரியில் விரிப்பு மலை மாதிரி குவிந்திருந்தது, மிஷின் சுற்ற ஆரம்பித்ததும் பையில் போன் இருப்பதே மறந்துபோச்சு. இஸ்திரி மிஷின்காரி குண்டூசி இருக்கிறாளே, ஆளும் ஒல்லி, வாயும் குத்தும், அவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்தபடி பேசியது, திட்டியது, மேனேஜர் மாதிரி மூக்கால் பேசிக் காட்டியது எல்லாம் விழுந்திருக்கிறது. மேனேஜர் பகுதியை யாருக்கும் போட்டுக் காட்டாதே. வயிற்றிலிருந்து மூச்செடுக்க உங்களைத் தரையில் படுக்கவைத்துச் சொல்லித்தருகிறார்களாமே, இங்கே மிஷின் இரைச்சலைத் தாண்டி ஒரு 'ஏய்' போட்டுப் பார், ஒரே நாளில் வந்துவிடும். இன்னொன்று, கேட்கும்போதுதான் எனக்கே தெரிந்தது, விரிப்பை உதறுகிற இடத்தில்தான் எங்கள் பேச்சு நிற்கிறது, அடுத்த மடிப்பில்தான் மறுபடி கிளம்புகிறது. அதனால் நீ கையைத் தொங்கவிட்டு நின்று வசனம் பேசாதே. ஒரு போர்வையை எடு, கூட இருக்கிறவளை மறுமுனை பிடிக்கச் சொல், மடித்துக்கொண்டே பேசு.

அனுப்பியிருக்கிற பதிவில் பாதிக்கு மேல் ஓர் இடம் வரும். 'உம் பொண்ணு இன்னும் நம்மள மாதிரி பேசுவாளா, இல்ல மறந்துட்டாளா' என்று குண்டூசி கேட்பாள். மூன்று விரிப்பு உதறுகிற சத்தம் மட்டும்தான் வரும். வேறொன்றுமில்லை, நீராவி தொண்டையில் போய்விட்டது. அப்புறம்தான், 'தூக்கத்துல எழுப்பிப் பாரு, நம்ம பேச்சுதான் வரும்' என்றேன். அந்த இடத்தை வெட்டச் சொன்னேன், 'இருக்கட்டும், அவளுக்கு வேண்டியதே அதுதான்' என்று அப்பா முடியாது என்றுவிட்டார். சொல்லிவிட்டேன், இனி என் மானம் உன் வாயில்.

நெட்டைக்கும் இந்தப் பதிவைக் கொடு, பாவம், அவளுக்கு வீட்டில் லாண்டரி இல்லையே. வெள்ளிக்கிழமை முடிந்ததும் கூப்பிடு. கிடைத்தது, கிடைக்கவில்லை என்றெல்லாம் சொல்ல வேண்டாம், அம்மா என்று ஒரு வார்த்தை சொல், மீதியை நான் தெரிந்துகொள்கிறேன்.

நீயும் உன் தொண்டையும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். வெள்ளையையும் கலரையும் ஒன்றாகப் போட்டுத் துவைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(வீட்டில் இப்போதைக்குச் செய்தி)