நோட்டில் ஏறாத பிரசாதம்

ஸ்ரீ:

சின்ன காஞ்சிபுரம்,
11-3-2004

சௌபாக்கியவதி ஸிந்துஜாவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதங்கள். மாப்பிள்ளை சிரஞ்சீவி வரத்துக்கும் அப்படியே. இங்கே நானும் அம்மாவும் பெருமாள் அனுக்கிரகத்தில் சௌக்கியம், டல்லாஸில் நீங்கள் இருவரும் சௌக்கியமாக இருப்பதற்குப் பதில் போடவும் என்று எப்போதும்போல் ஆரம்பித்தேன். உன் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னால் நின்று எட்டிப் பார்த்து, சௌக்கியமெல்லாம் அப்புறம் ஆகட்டும், முதல்லே விஷயத்துக்கு வாங்கோ என்கிறாள். இந்தக் கடிதமே அவள் உத்தரவுதான். போனில் சொல்லலாமே என்றேன், போன்லே நீங்க பாதியை முழுங்கிடுவேள், உக்காந்து எழுதுங்கோ என்று காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன், குழந்தே. மாசி ஏகாதசியன்று நான் மயங்கி விழுந்ததற்கு நீ சொன்ன பத்தியம் காரணம் இல்லை. நான்தான் காரணம். இதைச் சொல்ல எனக்கு மூன்றரை வாரம் ஆகியிருக்கிறது.

முதலிலிருந்து சொல்லுகிறேன். கார்த்திகையில் எனக்கு ஸ்கேன் எடுத்து, சர்க்கரையோடு கல்லீரலிலும் கொழுப்பு படிந்திருக்கிறது என்று சொன்னார்கள் அல்லவா, அதிலிருந்தே என் கிரகம் சரியில்லை. கல்லீரல் என்றதும் எதிராத்து ஆதிகேசவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்ன ஓய், ரிடையர் ஆனப்புறம் புதுசா ஏதாவது பழக்கமா என்று கேட்டான். ஜன்மத்தில் கலர் சோடா கூடக் குடிக்காதவன் நான். டாக்டர் வசீம்தான் அவனையும் என்னோடு உட்காரவைத்து, குடிக்காதவங்களுக்கும் இது வரும் சார், அரிசியும் இனிப்பும் அளவு மீறினாலே போதும், சர்க்கரையும் இதுவும் கூடப்பிறந்த மாதிரி என்று விளக்கினார். நல்ல மனுஷர். அவர் சொன்ன பத்தியம் உனக்குத் தெரியும், எண்ணெய் நெய்யைக் குறை, காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் ஒரு கரண்டி சாதம், ராத்திரி மூன்று சப்பாத்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. அதற்குள் உன் ஆறு பக்கக் கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்கு முப்பத்துநாலு வயதில் இதே கொழுப்பு வந்து, சாதம் சப்பாத்தி கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தி, பனீரும் கீரையும் நிலக்கடலையும் மோருமாகச் சாப்பிட்டு எட்டு மாதத்தில் ஸ்கேன் சுத்தமாகிவிட்டது, அப்பாவும் அப்படியே செய்யட்டும், நெய்கூடக் கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். நெய் விட்டுக்கொள்ளலாம் என்ற வரியைத்தான் நான் இரண்டு தரம் படித்தேன்.

அந்தக் கடிதத்தை டாக்டரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். முழுக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். இதுல ரெண்டு கட்சி இருக்கு ஐயா, உங்க பொண்ணு அந்தக் கட்சி, நான் படிச்சது இந்தக் கட்சி, எங்க ஆளுங்களே இன்னும் அடிச்சிக்கிறாங்க, நீங்க எதை விடாம செய்ய முடியுமோ அதைச் செய்யுங்க, ஆனா வாயில போடுற ஒவ்வொண்ணையும் ஒரு நோட்ல எழுதுங்க, அதைப் பார்த்துத்தான் நான் மாத்திரை கொடுப்பேன் என்றார். முப்பத்துமூன்று வருஷம் தாலுகா ஆபீஸில் பதிவேடு எழுதிய கையிடம் நோட்டு எழுதச் சொன்னால் கேட்கவேண்டுமா. கோடு போட்டு, தேதி போட்டு, வேளை போட்டு எழுதினேன். உன் கட்சியில்தான் சேர்ந்தேன். அம்மாவும் முணுமுணுத்துக்கொண்டே தளிகையை மாற்றினாள். அரிசி டப்பாவை மேல் தட்டில் ஏற்றினாள். எனக்குத் தயிரும் கீரைக் கரமதும், அவளுக்கு மட்டும் ஒரு பிடி சாதம். பாவம், என் கண் படக்கூடாதென்று சமையலறையிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டுவிடுவாள்.

இப்படி மூன்று மாதம். நோட்டில் ஒரு பருக்கை அரிசி கிடையாது, ரத்தத்தில் சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்ப்பார், ரிப்போர்ட்டைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். இவ்ளோ சுத்தமா இருக்கீங்க, அப்புறமும் ஏறுதுன்னா மாத்திரை பத்தலைன்னு அர்த்தம் என்று தை மாதம் ஒரு தடவை கூட்டினார், மாசி பிறந்ததும் இன்னொரு தடவை கூட்டினார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு வாங்கி வந்தேன்.

இப்போது விஷயம். தினமும் காலையில் நான் கோயில் கோஷ்டிக்குப் போகிறேன் அல்லவா. உனக்கு நினைவிருக்கும், பாவாடை கட்டிய வயதில் நீயும் என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாய். பிரபந்தம் சேவித்து முடிந்து, தீர்த்தம் ஆகி, சடாரி ஆகி, விநியோகம் வரும். ஒரு நாள் பொங்கல், ஒரு நாள் புளியோதரை, ஒரு நாள் மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி, விசேஷ நாளில் சர்க்கரைப் பொங்கல். சுடச்சுட இலையில் வைத்துக் கொடுப்பார்கள். அங்கேயே ஸ்வீகரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். முப்பத்தோரு வருஷமாக அப்படித்தான். அந்த மூன்று மாதமும் அப்படித்தான். அதை நான் நோட்டில் எழுதவில்லை. பொய் சொல்லவேண்டும் என்று எழுதாமல் விடவில்லை, குழந்தே, சத்தியமாகச் சொல்லுகிறேன், எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை. பிரசாதத்தைச் சாப்பாடு என்று நம் ஆத்தில் யார் எப்போது சொல்லியிருக்கிறோம்? விரதம் இல்லாத நாளில் யாராவது என்னிடம் இன்னிக்கு என்ன சாப்பிட்டேள் என்று கேட்டால் கோயிலில் வாங்கிக்கொண்டதைச் சேர்த்தா சொல்வேன்? அவன் கொடுக்கிறான், நான் கை நீட்டுகிறேன். அதை நிலக்கடலைக்கும் கீரைக்கும் நடுவில் கோடு போட்டு எழுதுவதா?

ஏகாதசியன்று மட்டும் நான் விநியோகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவேன், தீர்த்தம் மட்டும்தான். ஆனால் மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று ஏற்றிவைத்த மாத்திரையை முழுசாகப் போட்டுக்கொண்டு போனேன். பத்தரை மணிக்கு சன்னதித் தெருவில் திரும்பி வரும்போது வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, யார் வீட்டு வாசல் என்று தெரியாமல் போய் உட்கார்ந்தேன். முகூர்த்தப் பட்டுக்கு வருகிறவர்களைக் கடைக்குக் கடை ஏற்றிக்கொண்டு போவானே, ஆட்டோக்கார வேலாயுதம், அவன்தான் பார்த்தான். இன்னா சாமி, எங்க அம்மாவுக்கும் இப்டித்தான் வேர்த்துக்கினு கண்ணு சொருவும், சக்கரை எறங்கிக்கினு இருக்குது, வாயத் தொற என்று டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரைக் கொண்டுவந்தான். ஏகாதசிடா என்று நான் பல்லைக் கடித்தேனாம். ஏகாதசி பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா வரும், நீ வருவியா சாமி என்று திட்டிக்கொண்டே ஊற்றிவிட்டானாம். அதற்கப்புறமும் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை முப்பத்தெட்டுதான் இருந்தது. அவன் ஊற்றியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் முழுசாகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா உனக்கு ஐ.எஸ்.டி. போட்டாள். நீ ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்று உனக்கு நான் சொல்லவேண்டாம். அமெரிக்காவிலே உக்காந்துண்டு அரிசியை நிறுத்து அரிசியை நிறுத்துன்னு சொல்லிச் சொல்லியே என் ஆத்துக்காரரைச் சாச்சுட்டே என்றாள். நீ அழுதது ரிஸீவரைத் தாண்டிக் கட்டில் வரைக்கும் கேட்டது. நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். அப்போது எனக்கே முழுசாகத் தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது. ரமா, குழந்தையை ஏன் சொல்றே, இரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நாள் நான் விழுந்ததைவிட இதுதான் எனக்கு வெட்கம்.

அடுத்த வாரம் டாக்டர் கூப்பிட்டு மாத்திரையைப் பாதியாக்கினார். எங்க ஆளுங்க நோன்பு பிடிக்கும்போது மாத்திரையை மாத்திக்கணும்னு வருஷா வருஷம் நானே போய்ச் சொல்றேன், உங்க ஏகாதசியைக் கேக்கணும்னு எனக்குத் தோணாமப் போச்சே ஐயா என்று வருத்தப்பட்டார். அப்புறம் தயங்கித் தயங்கி, கோயில்ல தர்றதை நோட்ல எழுதுறீங்களா என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். பிரசாதம் உமக்கு ஓட்ஸ் கஞ்சியா என்று கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பாதித் தெரு வந்தபிறகுதான் அவர் கேட்டது உறைத்தது.

மறுநாள் விநியோகத்தை அங்கே ஸ்வீகரிக்காமல் இலையோடு மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். முன்பு எனக்குச் சாதம் அளந்து போடுவாளே அந்த ஆழாக்கை எடுத்து அதில் போட்டுப் பார்த்தேன். அன்று ஏதோ விசேஷம், சர்க்கரைப் பொங்கல். தலைதட்டி ஒரு ஆழாக்கு நிரம்பி, இலையில் இன்னும் பாதி இருந்தது. நெய்யில் கை வழுக்குகிறது. டாக்டர் கொடுத்த ஒரு கரண்டி சாதத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தினமும் இத்தனையை உள்ளே தள்ளியிருக்கிறேன். டாக்டர் கூட்டிய மாத்திரையெல்லாம் இதற்குத்தான் சரியாகப் போயிருக்கிறது, இது வயிற்றில் இல்லாத ஏகாதசியன்று ஆளைச் சாய்த்துவிட்டது. திரும்பினால் வாசற்படியில் அம்மா. ஆழாக்கையும் இலையையும் என் முகத்தையும் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்போ நான் குழந்தையைச் சொன்னதெல்லாம் என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்தது இல்லை.

ஆக, குழந்தே, உன் பத்தியம் தோற்கவில்லை, அதற்குப் பரீட்சையே நடக்கவில்லை. இப்போதுதான் நடக்கிறது. பதினைந்து நாளாக விநியோகத்தில் நெல்லிக்காய் அளவு மட்டும் வாயில் போட்டுக்கொள்கிறேன், மீதி வேலாயுதத்தின் வீட்டுக்குப் போகிறது. அந்த நெல்லிக்காய் அளவையும் நோட்டில் எழுதுகிறேன். எழுதும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது, சூடான இலையை இன்னொருத்தர் கையில் கொடுக்கும்போது மனசும் சுருங்குகிறது. ஆனால் நேற்று வெறும் வயிற்றில் நூற்றுமுப்பத்திரண்டு, பாதி மாத்திரையில். டாக்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் டீ வரவழைத்தார், சர்க்கரை இல்லாமல். எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று ஆறு மாதம் கழித்து ஸ்கேன் பார்த்துச் சொல்கிறாராம், ஏகாதசிக்குத் தனியாக மாத்திரைச் சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை பனீரோடு முட்டையும் சேர்த்துக்கொள்கிறாரா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை, நீயும் பதில் எழுதவேண்டாம்.

உங்கள் இருவருக்கும் தீர்க்காயுசும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் இருக்கப் பெருமாளையும் தாயாரையும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த வாரமே, எப்போதும் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கூப்பிடு. நான் எடுக்கமாட்டேன், அம்மாதான் எடுப்பாள். தப்பு என்று அவள் வாயால் வராது, அதை எதிர்பார்க்காதே. நீ கூப்பிடாத இந்த மூன்று ஞாயிறும் அந்த நேரத்துக்குக் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்காருகிறாள். போன ஞாயிறு எட்டு மணிக்கே கீரை முழுக்க ஆய்ந்தாகிவிட்டது. ஆய்ந்த கீரையை மறுபடியும் ஒவ்வொரு இலையாக எடுத்து ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
எதையும் விடாமல் எழுதிவிட்ட உன் அப்பா,
பராங்குசம்