ஒன்றும் கேட்காத வடிகட்டி

டயமன்டினா,
28 பிப்ரவரி 1988

அன்புள்ள தால்வா,

ஒரு நாள் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தபோது ஜெரால்டா என்ற பெண் எழுந்து, "சார், உலகத்துலயே நல்லா செஞ்ச பொருள் எது?" என்று கேட்டாள். விமானம், கடிகாரம் என்று பிள்ளைகள் கத்தினார்கள். நான், "எங்க வீட்டு மண் வடிகட்டி" என்றேன். வகுப்பே சிரித்தது.

ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பதிலை மாற்றத் தோன்றவில்லை. உன் தங்கை நெய்ஜிக்கு உடம்பு சரியில்லையென்று நீ போய்ப் பத்து நாளாகிறது. சமையலறையில் தனியாக உட்கார்ந்து வடிகட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேல் பானையில் ஊற்றிய தண்ணீர் கேண்டிலின் வெள்ளைப் பீங்கான் வழியே கசிந்து இறங்கிக் கீழ்ப் பானையில் சொட்டுகிறது. மண் வியர்ப்பதால் குளிர்ந்தும் விடுகிறது. மின்சாரம் வேண்டாம், ஐஸ் வேண்டாம். கல்யாணமான வருஷம் வாங்கியது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் நம்மிடம் அது ஒன்றும் கேட்டதில்லை. நல்ல பொருளுக்கு அதுதான் அடையாளம்: தான் இருப்பதையே காட்டிக்கொள்ளாது. பேக்கரியில் காபி தரும் கண்ணாடித் தம்ளரையும் பார். சுற்றிலும் உள்ள வரிகள் அழகுக்கு இல்லை, ஈரக் கை வழுக்காமலிருக்க. இதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

குருத்தோலை ஞாயிறுக்குள் வந்துவிடுவாய்தானே? பக்கத்து வீட்டு ஜுராந்திர் தினமும் விசாரிக்கிறான்.

உன்,
அன்செல்மோ


விட்டோரியா,
7 மார்ச் 1988

அன்செல்மோ,

கடிதம் கிடைத்தது. நெய்ஜி அதை உரக்கப் படித்துவிட்டு, "அக்கா, இது பொண்டாட்டிக்கு எழுதுன கடுதாசியா, பானைக்கடை விளம்பரமா?" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடிப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நான்தான் கிளம்பி வந்துவிட்டேன். திரும்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த கடிதத்தில் என்னைப் பற்றி எழுது. ஒரு பக்கம் போதும். படித்துவிட்டு முடிவு செய்கிறேன்.

இரத்த அழுத்த மாத்திரை மேல் அலமாரியில், மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

தால்வா


டயமன்டினா,
15 மார்ச் 1988

என் தால்வா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்து நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். கணக்கு வாத்தியாருக்கு உதாரணம் இல்லாமல் எழுத வராது. அதனால் எனக்குத் தெரிந்ததிலேயே உயர்ந்த உதாரணத்தைச் சொல்கிறேன். இந்த வீட்டில் உனக்கு நிகராக ஒன்று உண்டென்றால் அது அந்த வடிகட்டிதான். சத்தம் கிடையாது, முறையீடு கிடையாது. கையை நீட்டினால் தண்ணீர். முப்பத்தெட்டு ஆண்டுகளும் நீ எனக்கு அப்படித்தான் இருந்தாய். இதைவிடப் பெரிய சொல் என்னிடம் இல்லை. நம்பு.

வேடிக்கையைக் கேள். நீ போன பிறகு அதுவும் சுணங்கிவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தம்ளர்தான் வருகிறது. ஜுராந்திர் எட்டிப் பார்த்து, "பானையும் கோச்சுக்கிச்சா வாத்தியாரே? அடுத்தது கட்டில்தான், பாத்துக்க!" என்கிறான். மண்ணுக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது. கடையில் புதிதாக ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாள், 26ஆம் தேதி சனிக்கிழமை, பஸ் நிலையத்தில் நிற்பேன். சீஸ் ரொட்டி சூடாக வாங்கி வைக்கிறேன். உனக்கு உயிராயிற்றே.

உனக்காகக் காத்திருக்கும்,
அன்செல்மோ


விட்டோரியா,
21 மார்ச் 1988

அன்செல்மோ,

நீ பொய் எழுதவில்லை என்று தெரியும். அதனால்தான் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மண்ணுக்கு வயதாகவில்லை. கேண்டிலில் அழுக்குப் படிந்து அடைத்திருக்கிறது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் செம்மண் அதிகம். வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் சொட்டாது. முப்பத்தெட்டு ஆண்டுகள், சனிக்கிழமை தோறும், நீ கூடத்தில் விடைத்தாள் திருத்தும்போதும், ஓய்வு பெற்ற பின் செய்தித்தாள் படிக்கும்போதும் நான் கழுவினேன். மணிக்கட்டு முறிந்த வருஷம் இடக்கையால் கழுவினேன். அப்போது ஒரு நாள் நீ தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாரு தால்வா, என்னமா தெளிஞ்சிருக்கு! இதச் செஞ்சவன் கைக்கு முத்தம் குடுக்கணும்" என்றாய். கட்டுப் போட்ட கையோடு உன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நான் வந்த அன்று நெய்ஜி, "உனக்கு என்னக்கா சமைக்கட்டும்?" என்று கேட்டாள். பதில் தெரியாமல் அழுதுவிட்டேன். அறுபது வயதில், எனக்கு என்ன பிடிக்கும் என்று இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தின்று பார்க்கிறேன். சீஸ் ரொட்டி இல்லை. அது உனக்குப் பிடித்தது.

பஸ் நிலையத்தில் நிற்காதே. இந்தச் சனிக்கிழமை மட்டுமில்லை, எந்தச் சனிக்கிழமையும் நான் வரமாட்டேன். உன்மேல் வெறுப்பில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஜுராந்திரிடம் நீயே சொல்லிவிடு.

புதிய வடிகட்டி வாங்க வேண்டாம். மேல் பானையைக் காலி செய்து, அடியில் இருக்கும் மரையைக் கழற்றிக் கேண்டிலை வெளியே எடு. சோப்பு போடாமல், மென்மையான ஸ்பாஞ்சால், வெள்ளை தெரியும்வரை ஓடும் தண்ணீரில் தேய்.

தால்வா