பாலாற்று மணலில் நடந்த கால்கள்

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டிவியில் அந்த நடிகை, இனிமேல் நடிக்கப்போவதில்லை என்று சொல்லி அழுதுகொண்டிருந்தார். என் கண்ணீருக்கு வெங்காயம் காரணம். அவருடையதற்கு என்ன காரணம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அழுகை வருவதற்கு முன்பே கை கைக்குட்டையைத் தேடிப் போய்விட்டது போலிருந்தது. நாற்பது வருடம் நடித்தவர் ஒரே நாளில் நிறுத்திவிடுவாரா? மூன்று மாதத்தில் யாருக்காவது அம்மாவாக வந்து நிற்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ இருந்திருந்தால், "உனக்கு யார் மேலதான் நம்பிக்கை இருக்குது மேரி?" என்று கேட்டிருப்பாய். ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பாய்? பசை சரியாக ஒட்டியிருக்கிறதா, நூல் பிரிகிறதா என்று ஒவ்வொரு ஜோடியையும் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியைக் கம்பெனி கேட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

பேட்டி எடுத்த பெண், மறக்க முடியாத காட்சி எது என்று கேட்டாள். "பாலாத்து மணல்ல நடந்ததுதான். உச்சி வெயில். டைரக்டர் டூப் போட்டுக்கலாம்னார். வேணாம், என் காலே நடக்கட்டும்னு சொன்னேன். ரெண்டு காலும் கொப்புளம்" என்றார் நடிகை. என் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது.

அதே கொப்புளத்தை நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

நாம் சேர்ந்து வேலை பார்த்த கம்பெனியின் சாம்பிள் ரூமில் நடந்தது அது. புது மாடல் செருப்பு வந்தால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். உன் கால் அளவு சாம்பிளுக்கு அப்படியே பொருந்தும். நீ ஸ்டூலில் உட்காருவாய், நான் கீழே உட்கார்ந்து மாட்டிவிடுவேன். வலது காலில் மட்டும்தான் பார்ப்போம். உன் இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்திருக்கும். அதில் வார் சரியாக உட்காராது. அன்று ரூமில் நாம் இரண்டு பேர்தான். திடீரென்று குரலைத் தாழ்த்தி, "இந்தக் காலு சினிமாவுல நடிச்சிருக்குது, தெரியுமா?" என்றாய்.

உனக்குப் பதினேழு வயதில் ஆம்பூர் ஆற்றில் ஷூட்டிங் நடந்ததாம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாயகி வெறுங்காலோடு ஆற்றைக் கடக்க வேண்டும். நடிகை மணலில் காலை வைத்துப் பார்த்துவிட்டுக் குடைக்குப் போய்விட்டாராம். வேடிக்கை பார்த்த பெண்களின் கால்களை ஒரு ஆள் பார்த்துக்கொண்டே வந்தானாம்.

"மூஞ்சி வேணாம், காலு மட்டும் போதும்னாங்க. அதான் போனேன்" என்றாய். "நாலு தடவ நடக்க வெச்சாங்க. ரெண்டு காலும் கொப்புளம். வீட்டுல, செருப்பு அறுந்துபோச்சு, ரோட்டுல நடந்து வந்தேன்னு சொல்லிட்டேன். அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே படிப்ப நிறுத்தியிருப்பாரு."

நான் தலையை ஆட்டினேன். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. ஆம்பூரில் அந்த ஷூட்டிங் பற்றிக் கதை சொல்லாத ஆள் யார்? ஒருத்தர் வீட்டில்தான் ஹீரோ தண்ணீர் குடித்தார், இன்னொருத்தர் மாட்டைத்தான் வண்டியில் பூட்டினார்கள். நீயும் அந்த வரிசையில் வந்து நின்றதாக எடுத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, "நாளைக்கு டிவியில அந்தப் படம் போடுறாங்க. வீட்டுல எல்லாரும் வாணியம்பாடி கல்யாணத்துக்குப் போறாங்க. நீ வா, காட்டுறேன்" என்றாய். யாரும் இல்லாதபோது ஏன் கூப்பிடுகிறாள் என்று யோசித்தேன். நாலு பேர் நடுவில் காட்டினால் குட்டு உடைந்துவிடும், அதனால்தான் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். என் நாத்தனார் வருவதாகப் பொய் சொல்லி வராமல் இருந்துவிட்டேன். பொய் சொன்னவள் நான். சந்தேகம் மட்டும் உன்மேல்.

திங்கட்கிழமை கேன்டீனில் எல்லோரும் படத்தைப் பற்றியே பேசினார்கள். அந்த மணல் காட்சியில் அழுததாக ஒருத்தி சொன்னாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அது அவங்க காலு இல்ல, நம்ம மேடத்து காலு. கையெழுத்து வாங்கிக்குங்க" என்று உன்னைக் காட்டினேன். மேஜையே சிரித்தது. உன் புருஷனுடைய தங்கை மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

நீ டிபன் பாக்ஸை மூடினாய். "சும்மா தமாஷுக்குச் சொன்னேன். இவ நெஜம்னு நம்பிட்டா" என்று சொல்லி நீயும் சிரித்தாய். அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா? பார், நான் நினைத்தது சரி.

அதற்குப் பிறகும் தினமும் பக்கத்தில்தான் சாப்பிட்டோம். ஊறுகாய் கொடுத்தாய், பஸ்ஸில் இடம் போட்டு வைத்தாய். ஆனால் உன்னைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. மார்பு வலியைக்கூடச் சொல்லவில்லை. போன வருடம் நீ போய்விட்டாய் என்று கேள்விப்பட்டு ஓடி வந்தபோது, உன்னை வெள்ளைத்துணியில் சுற்றி முகத்தை மட்டும் காட்டினார்கள்.

அந்தப் பேட்டியைப் பார்த்த அன்று மாலை வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு மகனின் போனை வாங்கினேன். நடிகை விடைபெறுகிறார் என்று அவருடைய பழைய காட்சிகளை எல்லாரும் போட்டிருந்தார்கள். ஆற்றுக் காட்சியும் இருந்தது. கேமரா தூரத்தில் இருக்கும்போது முகம் தெரிகிறது, கால் தெரியவில்லை. கிட்டே வரும்போது கால் தெரிகிறது, முகம் இல்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடது கால் மணலிலிருந்து எழும்பும் ஒரு நொடியில், சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்திருந்தது.

அப்போதும் நம்பவில்லை. அந்த நடிகைக்கும் அப்படி ஒரு விரல் இருக்கக்கூடாதா? அவர் வெறுங்காலோடு ஆடிய பாட்டுகளைத் தேடிப் பார்த்தேன். மருதாணி வைத்த விரல்கள், பத்தும் நேராக இருந்தன. நான் எத்தனை வருடம் கிட்டே உட்கார்ந்து பார்த்த கால் அது. எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கோபம் வந்தது. "இது உங்க காலு இல்ல" என்று அந்த வீடியோவுக்குக் கீழே டைப் அடித்தேன். உன் பெயரையும் போட்டேன். அனுப்பப் போகும்போது கேன்டீன் சிரிப்பு காதில் விழுந்தது. அழித்துவிட்டேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. குடியாத்தத்தில் இருக்கும் உன் மகள் ரேஷ்மாவைப் பார்க்கப் போனேன். டீ கொடுத்தாள். சுற்றி வளைத்து, "உங்கம்மா சினிமா பத்தி எதுனா சொல்வாங்களா?" என்று கேட்டேன்.

"அம்மாவா? அவங்களுக்கு சினிமான்னாலே ஆவாது ஆன்ட்டி. இப்ப ரிடையர் ஆனாங்களே, அந்த நடிகை படம் வந்தா உடனே சேனல மாத்திடுவாங்க. ஒரு தடவ எங்க அத்த வந்து அப்பா காதுல இன்னாவோ போட்டுட்டுப் போச்சு. வீட்டுல பெரிய பேஜார் ஆயிடுச்சு. அம்மா குரான் மேல சத்தியம் பண்றேன்னு அழுதாங்க. இன்னா விஷயம்னு எங்களுக்கு யாரும் சொல்லல."

டீயைக் கீழே வைத்தேன். நீ ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த கதை என்று நினைத்திருந்தேன். பெற்ற மகளிடம்கூட நீ சொல்லவில்லை. பெருமையாக நினைத்த ஒரே ஒரு விஷயத்தை ஒரே ஒருத்தியிடம் சொன்னாய். அவள் என்னைப் போன்ற ஒருத்தியாக இருந்தாள்.

"இன்னா ஆன்ட்டி, அம்மாவைப் பத்தி உங்களுக்கு எதுனா தெரியுமா?" என்றாள் ரேஷ்மா.

சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. மகளுக்குத் தெரிந்தால் என்ன, சந்தோஷப்படுவாள், எனக்கும் பாரம் இறங்கும். ஆனால் அவளுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்பது உன் முடிவு. நீ சொல்லாமலேதான் போயிருக்கிறாய்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா கேட்டேன்" என்றேன்.

அவள் நம்பவில்லை. வாசல்வரை வந்து, நான் செருப்பு மாட்டும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஆன்ட்டி எதையோ மறைக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி என்னை எப்போது பார்த்தாலும் அந்தப் பார்வைதான் இருக்கும். இருக்கட்டும். உன்னை நம்பத் தெரியாத எனக்கு, உனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கவாவது இப்போது தெரிந்திருக்கிறது.